நான்சி ட்ரூவை எழுதியவர்

(சிறுவர் இலக்கிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நான்சி ட்ரூ நம் வாசகர்களுக்குப் புதிய ஆள் இல்லை. ஆங்கிலக் கதைப் புத்தகம் படிக்கப் பழகிய பிள்ளைகள் எனிட் பிளைட்டனை முடித்த கையோடு வாடகை நூலகத்தில் அடுத்த தட்டுக்கு நகர்ந்தால், அங்கே ஹார்டி பாய்ஸும் நான்சி ட்ரூவும் வரிசையாக இருப்பார்கள். பதினாறு வயதுப் பெண், வக்கீல் அப்பா, சொந்தக் கார், எந்நேரமும் கையில் ஒரு மர்மம். அட்டையில் ஆசிரியர் பெயர் கரோலின் கீன். பிள்ளைகள் கரோலின் கீனுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஏனென்றால் கரோலின் கீன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

அந்த வரிசையின் முதல் 30 புத்தகங்களில் 23-ஐ எழுதியவர் மில்ட்ரெட் விர்ட் பென்சன். அயோவா மாநிலத்துக் கிராமத்து டாக்டரின் மகள். வாழ்நாளில் 130-க்கு மேற்பட்ட சிறுவர் நூல்களை எழுதினார். பத்திரிகை நிருபராக 96 வயது வரை வேலை பார்த்தார். கதையின் திட்டம் வேறொருவருடையது, புனைபெயர் வேறொருவருடையது, உரிமையும் வேறொருவருடையது. அப்படியிருக்க இவரை ஆசிரியர் என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றத்தில்தான் வெளிப்படையாகப் பதில் கிடைத்தது. கூலிக்கு மாரடித்த எழுத்து என்று ஒதுக்கிவிட முடியாத ஏதோ ஒன்று அந்த 23 புத்தகங்களில் இருக்கிறது. அது என்ன என்று பார்ப்பதுதான் இந்த உரையின் வேலை.

மில்ட்ரெட் அகஸ்டின் 1905 ஜூலை 10 அன்று லடோரா என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய முதல் கதை ‘செயின்ட் நிகலஸ்’ என்ற புகழ்பெற்ற சிறுவர் இதழில் 1919-ல் வெளிவந்தபோது அவருக்குப் பதினான்கு வயது நிறைந்திருக்கவில்லை. அயோவா பல்கலைக்கழகத்தில் படித்தார். நீச்சலிலும் நீரில் பாய்வதிலும் பேர் வாங்கினார். இதழியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1927-ல் அந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தை முதன்முதலாகக் கொடுத்தது அவருக்குத்தான். இதற்கு நடுவில், 1926-ல், வேலை தேடி நியூயார்க் போனார். அங்கே எட்வர்ட் ஸ்ட்ராட்மேயரைச் சந்தித்தார்.

ஸ்ட்ராட்மேயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவரும் ஒரு காலத்தில் ஓயாமல் எழுதித் தள்ளிய எழுத்தாளர்தான். மண்டையில் முளைக்கும் கதைகள் எல்லாவற்றையும் தன் ஒரு கையால் எழுதி முடிக்க முடியாது என்று கண்டுகொண்டதும், 1905 வாக்கில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதுதான் ஸ்ட்ராட்மேயர் சிண்டிகேட். பாப்ஸி ட்வின்ஸ், டாம் ஸ்விஃப்ட், ஹார்டி பாய்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவை. முறை எளிது. கதைச்சுருக்கத்தை இரண்டு மூன்று பக்கங்களில் தட்டச்சு செய்து ஓர் எழுத்தாளருக்கு அனுப்புவார். அவர் சில வாரங்களில் அதை 200 பக்கப் புத்தகமாக எழுதித் தருவார். ஒட்டுமொத்தமாக ஒரு தொகை, அதோடு கணக்குத் தீர்ந்தது. ராயல்டி கிடையாது. எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்து, புனைபெயரை வேறெங்கும் பயன்படுத்துவதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். காஞ்சிபுரத்தில் முதலாளி நூலும் டிசைனும் கொடுக்க, வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிற முறை நமக்குத் தெரியும். ஏறக்குறைய அதுதான் இது.

மில்ட்ரெட் முதலில் ரூத் ஃபீல்டிங் என்ற பழைய வரிசையில் எழுதினார். வேலை திருப்தியாக இருந்தது. அப்போது ஸ்ட்ராட்மேயரிடம் ஒரு புது யோசனை இருந்தது: ஹார்டி பாய்ஸ் போல, ஒரு பெண் துப்பறிவாளர். கிராசெட் அண்ட் டன்லப் பதிப்பகத்துக்கு அவர் அனுப்பிய பெயர்ப் பட்டியலில் ஸ்டெல்லா ஸ்ட்ராங், டயானா டேர், ஹெலன் ஹேல், நான் ட்ரூ என்று பல இருந்தன. பதிப்பகத்தார் நான் ட்ரூவைத் தேர்ந்து, அதை நான்சி என்று நீட்டினார்கள். எழுதும் பொறுப்பு 24 வயது மில்ட்ரெட்டுக்குப் போனது. ஒரு புத்தகத்துக்கு 125 டாலர்.

அந்தத் தொகையை எடைபோட ஒரு வழி உண்டு. புத்தகத்தின் விலை 50 சென்ட். அதாவது 250 பிரதிகளின் விற்பனை விலை எவ்வளவோ, அவ்வளவுதான் அதை எழுதியவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் கிடைத்தது. புத்தகங்கள் விற்றதோ கோடிக்கணக்கில்.

1930 ஏப்ரல் 28 அன்று முதல் மூன்று நூல்களும் ஒரே நேரத்தில் கடைக்கு வந்தன. வாசகர்களைப் பிடிக்க மூன்றைச் சேர்த்து இறக்குவது சிண்டிகேட்டின் வழக்கம். பன்னிரண்டே நாளில், மே 10 அன்று, ஸ்ட்ராட்மேயர் இறந்துபோனார். தான் கடைசியாகத் தொடங்கிவைத்த வரிசை எவ்வளவு தூரம் ஓடப்போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. நான்சியின் துடுக்குத்தனம் அதிகம் என்று அவர் குறைபட்டதாக மில்ட்ரெட் பின்னாளில் சொன்னதுண்டு. பதிப்பகத்துக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பெண்பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை. 1934 ஏப்ரலில் ‘ஃபார்ச்சூன்’ இதழ் சிண்டிகேட்டைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டபோது, ஆண்பிள்ளைகளுக்கான வரிசைகளை எல்லாம் ஒரு பெண் முந்திவிட்டதைக் கண்டு வியந்தது. அதுவரை பெண்பிள்ளைகளின் புத்தகங்கள் விற்காது என்பதே அந்த வியாபாரத்தில் வேதவாக்கு.

ஏன் முந்தினாள்? முதல் நூலான ‘பழைய கடிகாரத்தின் ரகசிய’த்தில் ஓர் இடம். ஜோசையா கிரௌலி என்ற முதியவர் இறந்துவிட்டார். அவருடைய சொத்து முழுவதும் டாஃபம் என்ற பணக்காரக் குடும்பத்துக்குப் போகப்போகிறது. வறுமையில் கிடக்கும் உறவினர்களுக்குப் பங்கு கொடுக்கும் இன்னோர் உயில் இருப்பதாகச் சந்தேகம். அதற்கான துப்பு ஒரு பழைய கடிகாரத்தில். கடிகாரத்தைத் தேடி, ஏரிக்கரையில் ஆளில்லாமல் கிடக்கும் டாஃபம் குடும்பத்துப் பங்களாவுக்கு நான்சி தனியாகப் போகிறாள். அங்கே திருடர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவளைப் பிடித்து ஒரு துணி அலமாரி அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கதைச்சுருக்கத்தில் இதற்கு ஒரு வரி போதும். மில்ட்ரெட் அதை எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். நான்சி முதலில் பயப்படுகிறாள். கதவை இடிக்கிறாள், கத்துகிறாள், மூச்சு வாங்குகிறது, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் இங்கேயே கிடக்க வேண்டியதுதானோ என்ற எண்ணம் வருகிறது. பிறகு, பதறினால் காற்றும் தெம்பும்தான் வீணாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருட்டில் கையால் துழாவுகிறாள். துணி மாட்டும் கட்டை தட்டுப்படுகிறது. முழுப் பலத்தையும் போட்டு அதைப் பிய்த்தெடுக்கிறாள். கதவின் கீல் பக்கத்து இடுக்கில் செருகி நெம்புகோலாக அழுத்துகிறாள். மரம் முனகுகிறது. எந்த ஆணும் கதவை உடைத்துக்கொண்டு அந்தக் கணத்தில் வந்து நிற்பதில்லை. பங்களாக் காவலாளி வந்து பூட்டைத் திறக்கும்போது அவள் பாதி வேலையை முடித்திருக்கிறாள். வெளியே வந்ததும் வீட்டுக்கு ஓடவில்லை. போலீஸிடம் போகிறாள், பிறகு திருடர்களின் வண்டியைத் தானே கண்டுபிடித்து, அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வண்டிக்குள் ஏறிக் கடிகாரத்தை எடுத்துவருகிறாள்.

பயம், பதற்றம், நிதானம், கணக்கு, உழைப்பு. இந்த வரிசையில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் மனம் நகர்வதை இரண்டு மூன்று பக்கங்களில் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் காட்டுவது சாதாரண வேலை இல்லை. அந்தப் பக்கங்களில் ஓடுவது நீச்சல் வீராங்கனையின் உடம்பு. கிராமத்தில் மரமேறி வளர்ந்த பெண்ணின் தைரியம். கதைச்சுருக்கத்தோடு அந்தத் தைரியம் தபாலில் வரவில்லை.

அதே பக்கங்களில் நெஞ்சைக் குத்தும் ஒன்றும் இருக்கிறது. கதவைத் திறக்கிற காவலாளி ஜெஃப் டக்கர் ஒரு கறுப்பினத்தவர். 1930-ன் மூலப் பதிப்பில் அவர் குடிகாரராகவும், பேச்சு நடையால் கேலிக்குரியவராகவும் சித்திரிக்கப்படுகிறார். போலீஸும் அவரை அப்படித்தான் நடத்துகிறது. அந்தக் காலத்து அமெரிக்க வெகுஜன எழுத்தில் இது சகஜம். சகஜமாக இருந்ததே அதன் கொடுமை. பெண்பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே புத்தகம், வேறு சில பிள்ளைகளின் முகத்தில் கதவைச் சாத்தியது. மில்ட்ரெட்டைக் கொண்டாடும் யாரும் இதைத் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது.

ஸ்ட்ராட்மேயருக்குப் பிறகு நிறுவனம் அவருடைய மகள்கள் ஹாரியட் ஆடம்ஸ், எட்னா இருவரின் கைக்கு வந்தது. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை நெரித்துக்கொண்டிருந்த நேரம். கூலியை 125-லிருந்து 75 டாலராகக் குறைத்தார்கள். கட்டுப்படியாகாது என்று மில்ட்ரெட் விலகிக்கொண்டார். 8, 9, 10-ம் நூல்களை வால்டர் காரிக் என்பவர் எழுதினார். பிறகு 1934-ல் மில்ட்ரெட் திரும்பி வந்து 25-ம் நூல் வரை தொடர்ந்து எழுதினார். கடைசியாக அவர் எழுதிய நான்சி கதை 1953-ல் வந்த 30-வது நூல்.

இந்த ஆண்டுகளில் அவர் வாழ்க்கை எப்படி இருந்தது? 1928-ல் ஏசா விர்ட் என்ற செய்தி நிறுவன ஊழியரை மணந்தார். கிளீவ்லாந்தில் குடித்தனம், பிறகு ஒஹையோவின் டொலீடோ நகரம். 1936-ல் மகள் பிறந்தாள். கணவருக்குப் பக்கவாதம் திரும்பத் திரும்ப வந்து அவர் 1947-ல் இறந்தார். நோயாளியையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டு, 1944 முதல் ‘டொலீடோ டைம்ஸ்’ நாளிதழில் நிருபர் வேலையும் பார்த்தபடிதான் இந்தப் புத்தகங்களை எழுதினார். ஒரே ஆண்டில் பதின்மூன்று புத்தகங்கள் எழுதியதுண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். 1950-ல் அந்த நாளிதழின் ஆசிரியர் ஜார்ஜ் பென்சனை மணந்தார். அவரும் 1959-ல் காலமானார். அந்த ஆண்டோடு மில்ட்ரெட்டின் சிறுவர் நூல்களும் நின்றன.

மில்ட்ரெட்டுக்குத் தான் எழுதியதில் மிகவும் பிடித்தவள் நான்சி இல்லை. தன் சொந்தப் பெயரில், 1939 முதல் 1947 வரை 17 நூல்களாக எழுதிய பென்னி பார்க்கர்தான் அவருடைய செல்லம். பென்னி ஒரு நாளிதழ் அதிபரின் மகள். அவளுக்கு மர்மம் என்றால் செய்தி. துப்புத் துலக்குவதோடு நிற்காமல் அதை அப்பாவின் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரவைக்க வேண்டும் என்று துடிப்பவள். நான்சியிடம் எப்போதும் இருக்கும் சீமாட்டித்தனம் பென்னியிடம் இல்லை; கைச்செலவுக்குக் காசில்லாமல் அலைவாள், ஓட்டைக் காரோடு மல்லுக்கட்டுவாள், அச்சுக்கூடத்து மையின் வாசம் தெரிந்தவள். யாருடைய கதைச்சுருக்கமும் இல்லாமல் மில்ட்ரெட் தனியாக நின்றபோது என்ன எழுதுவார் என்பதற்கு இந்த 17 நூல்களே சாட்சி. இவற்றைப் படித்துவிட்டு முதல் நான்சிகளுக்குத் திரும்பினால், எந்த வாக்கியம் யாருடையது என்ற சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஹாரியட் ஆடம்ஸை வில்லியாக்குவது சுலபம். அது நியாயம் இல்லை. வெல்லெஸ்லி கல்லூரிப் பட்டதாரியான அவரை அப்பா நிறுவனத்தில் வேலை பார்க்க விடவில்லை. அப்பா இறந்த பிறகு, ஒரு பெண் தொழில் நடத்துவது அபூர்வமாக இருந்த காலத்தில், பெருமந்தத்துக்கு நடுவே அதைக் காப்பாற்றி அரை நூற்றாண்டு நடத்தினார். ஐம்பதுகளிலிருந்து நான்சி நூல்களில் பெரும்பாலானவற்றைத் தானே எழுதினார். 1959 முதல் பழைய நூல்களைத் திருத்தி வெளியிடும் பெரும் வேலையைத் தொடங்கியதும் அவர்தான். இனவெறிச் சித்திரிப்புகள் நீங்கின. இருபத்தைந்து அத்தியாயங்கள் இருபதாகச் சுருங்கின.

ஆனால் திருத்தத்தில் வேறு சிலவும் போயின. நான்சியின் வயது 16-லிருந்து 18 ஆனது. மூலத்தில் அவளுக்குப் பத்து வயதில் தாய் இறந்ததாக இருந்தது, மூன்று வயதில் என்று மாறியது. பத்து வயதிலிருந்து வீட்டை நிர்வாகம் செய்து பழகிய பெண் என்ற விளக்கம் அதோடு போயிற்று. வீட்டுப் பணியாளராக இருந்த ஹன்னா குரூன் தாயைப் போன்றவரானார். மூலத்து நான்சி பெரியவர்களிடம் சுருக்கென்று பேசுவாள், தன் முடிவைத் தானே எடுப்பாள். திருத்திய நான்சி இனிமையானவள், அடக்கமானவள். இழிவான சித்திரிப்பை நீக்கியது சரி. பெண்ணின் குரலைத் தணித்தது தேவையில்லாத வேலை.

எழுபதுகளில் பேட்டிகளில் ஹாரியட் தன்னையே கரோலின் கீன் என்று சொல்லிக்கொண்டார். எல்லா நூல்களையும் எழுதியது தானே என்ற எண்ணம் பரவியது. அதைத் தடுத்துப் பேச மில்ட்ரெட்டை ஒப்பந்தம் விடவில்லை, அவருடைய சுபாவமும் விடவில்லை. விதிவிலக்காக ஒரு ரசிகர் இருந்தார். இண்டியானாபொலிஸில் செல்லோ வாசிக்கும் இசைக்கலைஞர். அறுபதுகளிலேயே நூலகப் பதிவுகளைத் துருவி மில்ட்ரெட்டைக் கண்டுபிடித்து, அவரைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்.

1979-ல் ஹாரியட் புதிய நான்சி நூல்களை சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்துக்குக் கொடுத்தார். ஐம்பது ஆண்டுகள் வெளியிட்டுவந்த கிராசெட் வழக்குப் போட்டது. 1980-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மில்ட்ரெட் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவர் கையெழுத்திட்ட பழைய உரிமைவிடுப்புப் பத்திரங்கள், சிண்டிகேட்டின் கடிதங்கள் எல்லாம் ஆவணங்களாக வந்தன. முதல் நூல்களை எழுதியது அவர்தான் என்பது அன்று பொதுப் பதிவானது. அங்கே அவரைப் பார்த்த ஹாரியட், நீங்கள் இறந்துவிட்டதாக நினைத்திருந்தேன் என்ற பொருளில் ஏதோ சொன்னதாக மில்ட்ரெட்டின் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தனக்கும் ஹாரியட்டுக்கும் இருந்த வித்தியாசத்தை மில்ட்ரெட் சாட்சியத்தில் கசப்பில்லாமல் விளக்கினார்: அவர் நாகரிகமும் மெருகும் உள்ளவர், தானோ வயிற்றுப்பாட்டுக்காக வெளியே திரிந்து அடிபட்டுப் பழகிய பத்திரிகைக்காரி, இரண்டு பேர் கையில் நான்சி இரண்டு விதமாக ஆனாள்.

வழக்கில், ஏற்கெனவே வெளிவந்த கெட்டி அட்டை நூல்கள் கிராசெட்டிடமே இருக்க, புதியவற்றைக் கொடுக்கும் உரிமை சிண்டிகேட்டுக்குக் கிடைத்தது. மில்ட்ரெட்டுக்கு ஒரு சென்ட் கூட வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. செய்தித்தாள்களும் அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை. 1993-ல் அயோவா பல்கலைக்கழகம் நான்சி ட்ரூ மாநாடு நடத்தியபோதுதான் நாடு முழுக்க அவர் பெயர் பரவியது. அப்போது அவருக்கு 87 வயது.

அந்த வயதில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவர் எழுதிய எந்தக் கதைக்கும் சளைத்தது இல்லை. ‘டொலீடோ டைம்ஸ்’ மூடப்பட்ட பிறகு ‘டொலீடோ பிளேட்’ நாளிதழில் சேர்ந்து தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அறுபதுகளில் விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியவர். மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைப் பார்க்க மத்திய அமெரிக்கக் காடுகளுக்குப் போய்வந்தவர். பத்திரிகையாளர் ஒருவரை விண்வெளிக்கு அனுப்ப நாசா திட்டமிட்டபோது, எண்பது வயதில் விண்ணப்பம் போட்டவர். நான்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் அவருக்குச் சற்று சலிப்புக்கூட வந்தது. முடித்துக் கொடுத்த வேலை அது, நாளைய பத்தியைத்தான் இன்றைக்கு எழுத வேண்டும் என்ற மனம். 2001-ல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் அவருக்குச் சிறப்பு எட்கர் விருது வழங்கியது. 2002 மே 28 அன்று பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி, அன்றே மருத்துவமனையில் காலமானார். அவருடைய அண்டர்வுட் தட்டச்சுப் பொறி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

சாண்ட்ரா டே ஓ’கானர், ரூத் பேடர் கின்ஸ்பர்க், சோனியா சொட்டோமயர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த மூன்று பெண்கள் சிறுவயதில் நான்சியைப் படித்ததை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். நான்சி ட்ரூ நூல்கள் புதிது புதிதாக இன்றும் வருகின்றன. அட்டையில் இன்றும் கரோலின் கீன்தான்.

மில்ட்ரெட் எழுதியதை அவர் எழுதியபடியே படிக்க விரும்புகிறவர்கள் 1959-க்கு முந்தைய பதிப்புகளைத் தேட வேண்டும். 1991 முதல் ஆப்பிள்வுட் பதிப்பகம் மூல நூல்களை அச்சு அசலாக மறுபதிப்புச் செய்தது. இப்போது இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 1930-ல் வெளிவந்த முதல் நான்கு நான்சி நூல்களின் மூலப் பதிப்புகளுக்கு 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. அங்கே யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம், முன்னுரை எழுதி ஜெஃப் டக்கரைப் பற்றிப் பிள்ளைகளிடம் நேர்மையாகப் பேசலாம், ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் மில்ட்ரெட் விர்ட் பென்சன் என்று போடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.